அருவி அடித்த இடம்

தன் உச்சந்தலையைத் தானே பார்த்துக்கொள்ளும் வசதி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. என் அண்ணனுக்கு வாய்த்திருந்தது. தென்காசியில் கண்ணாடியும் படச்சட்டமும் விற்கிற கடை அவனுடையது. மூன்று பக்கச் சுவரிலும் ஆடிகள். நடுவில் நின்றால், நம்மை நாமே எத்தனை பேராக வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு கைக்கண்ணாடியைத் தலைக்குப் பின்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பெரிய நிலைக்கண்ணாடியின் முன்னால் குனிந்து, அவன்தான் அதை எனக்கு முதலில் காட்டினான்.

"பாருட்டி. அருவி எனக்கு வச்ச பொட்டு."

பார்த்தேன். முடி போய்ப் பளபளத்த மண்டையில், உச்சிக்குச் சற்று இடப்பக்கமாக, நாவல்பழம் தின்ற நாக்கின் நிறத்தில் ஒரு கறை. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. வீக்கமில்லை. வலியில்லை. தொட்டால் தோல் தோலாகத்தான் இருந்தது. அழகாகக்கூட இருந்தது என்று எழுத இப்போது கை கூசுகிறது. ஆனால் இருந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அருவி என்றால் என்ன என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். அவர்கள் வருஷத்தில் ஒருநாள் வேன் பிடித்து வந்து, கூச்சல் போட்டுக் குளித்து, சிப்ஸ் வாங்கிக்கொண்டு போகிறவர்கள். எங்களுக்கு அது மருந்துக்கடை. உடம்புச் சூட்டுக்கு அருவி, தலைப்பாரத்துக்கு அருவி, புத்தி தடுமாறினவர்களைக் கூட்டிவந்து நிறுத்தவும் அருவி. மலைமேல் எத்தனை மூலிகையின் வேரைத் தொட்டுக்கொண்டு வருகிறது தெரியுமா என்று ஆளாளுக்குச் சொல்வோம். எந்த மூலிகை என்று கேட்டால் எவருக்கும் தெரியாது. தெரியாததால் நம்பிக்கை குறைந்ததும் இல்லை.

சாரல் விழத் தொடங்கினால் அண்ணன் வீட்டில் குளிக்கமாட்டான். விடிந்ததும் முதல் பஸ். குற்றாலத்தில் இறங்கி, எண்ணெய் தேய்க்கிறவரிடம் போய் உட்கார்ந்து, உடம்பெல்லாம் தேய்த்துக்கொண்டு, ஊறவைத்து, சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டுப் பேரருவிக்குப் போவான். எண்ணெயோடு அருவிக்குள் போகக்கூடாது என்று போலீஸ் விரட்டத் தொடங்கியபிறகு, இந்தக் கழுவுகிற வேலை கூடிவிட்டது என்று அவனுக்கு ஒரு சடவு. ஆண்கள் பக்கத்தில் அவனுக்கென்று ஓர் இடம் உண்டு. பாறையின் மடிப்பு ஒன்று தண்ணீரைப் பிரித்து, அதில் ஒரு புரி மட்டும் முறுக்கிய வடம்போல நேராக இறங்கும் இடம். மற்றவர்கள் அங்கே ஒரு மூச்சு நிற்பார்கள், முதுகைக் காட்டுவார்கள், ஓடிவிடுவார்கள். அண்ணன் அங்கே நட்டிருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டு உச்சியைக் கொடுத்து நிற்பான்.

"தோள் குடுக்கவன் சுமைகூலி. தல குடுக்கவன்தான் குளிக்கவன்" என்பான். வழுக்கை விழுந்ததில்கூட அவனுக்கு வருத்தமில்லை. "முடி இருந்தா எனக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரு ஆளு நிக்கது மாதிரில்லா."

அதனால் அந்தக் கறையை யாரும் நோய் என்று பார்க்கவில்லை. வருஷக்கணக்காகத் தண்ணீருக்குக் கொடுத்த தலை. தண்ணீர் தன் அடையாளத்தை வைத்துவிட்டது. பக்கத்துக் கடை பாய் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது.

"எங்க ஆளுவளுக்கு நெத்தியில தொழுகைத் தழும்பு விழும்வே. ஒமக்கு உச்சியில விழுந்துருக்கு. நீரும் சொர்க்கத்துக்குத்தான் போவீரு."

"அங்கன அருவி இருக்கா பாய்?"

"ஆறே ஓடுதுங்கான்."

"ஆறு எதுக்கு. மேலயிருந்து விழணும்."

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தோம். எல்லாக் கண்ணாடியிலும் நாங்கள் சிரித்தோம்.

எண்ணெய் தேய்க்கிறவர் பண்பொழிக்காரர். அண்ணனைவிடச் சின்னவர். உடம்பைத் தொட்டே ஆளின் தொழிலைச் சொல்லிவிடுவேன் என்று வெளியூர்க்காரர்களிடம் பந்தயம் கட்டித் தோற்கிறவர். அவருடைய கட்டைவிரல் அந்தக் கறையைச் சுற்றிச் சுற்றி வரும்.

"ரத்தம் கட்டி நிக்கி அண்ணாச்சி. பேசாம இரிங்க. நா கரைச்சு விட்டுருதேன்."

ஒவ்வொரு காலையும் அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் எண்ணெய், கூடுதல் அழுத்தம். தேய்த்து முடித்தால் நிறம் கொஞ்சம் சிவந்து, பிறகு வெளுத்ததுபோலத் தெரியும். "கொறஞ்சிருக்கு" என்பார். அண்ணன் கடைக்கு வந்து இரண்டு கண்ணாடி பிடித்துப் பார்த்து, "கொறஞ்சிருக்கு" என்பான்.

டாக்டரிடம் போகாமலும் இல்லை. சர்க்கரைக்கும் இதயத்துக்கும் மாத்திரை எழுதிக் கொடுக்கிற உள்ளூர் டாக்டர் ஒருவர். போகிறபோக்கில் தலையைக் குனிந்து காட்டினான்.

"எங்கயும் இடிச்சுக்கிட்டியளா?"

"இடிக்கல சார். அருவி அடிச்சது."

டாக்டரும் சீசனுக்குத் தவறாமல் ஐந்தருவிக்குப் போகிறவர்தான். சிரித்துவிட்டார். ரத்தம் உறையாமலிருக்க நீங்கள் சாப்பிடுகிற மாத்திரைக்கு லேசாகத் தட்டினாலே இப்படிக் கன்றிப்போகும் என்று சொல்லி, தடவ ஒரு மருந்து எழுதினார். அந்த அறையில் நானும் இருந்தேன். கேள்வி சரியான கேள்வி. பதிலும் பொய்யில்லை. இரண்டும் சேர்ந்து ஒரு கதவைச் சத்தமில்லாமல் சாத்தின. அந்தச் சத்தமின்மைதான் இப்போது எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

சீசன் முடிந்தது. ஐப்பசி மழையில் அருவி செந்நிறமாகப் பொங்கி, எச்சரிக்கைக்குக் கட்டிய வளைவைத் தாண்டி விழுந்து, குளிக்கத் தடை போட்டார்கள். பிறகு தையும் மாசியும் வந்தன. தண்ணீர் மெலிந்து, நூலாகி, பாறையில் வெறும் ஈரமாகி, ஈரமும் போனது. அருவி இல்லாத குற்றாலத்தை நீங்கள் பார்க்கவேண்டும். கம்பிகள் மட்டும் நிற்கும், யாரும் பிடிக்காத கம்பிகள். குரங்குகள் அதில் உட்கார்ந்து பேன் பார்க்கும்.

கறை போகவில்லை. நனைந்த தாளில் விழுந்த மசிபோல ஓரம் கலைந்து பரவியது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று விரல் வைத்துச் சொல்லமுடியாமல் ஆனது. நடுவில் இரண்டு மூன்று இடத்தில் மிளகு அளவுக்குக் கரும்புள்ளியாக மேலெழும்பியது. தலைதுவட்டினால் துண்டில் சிவப்பு. பாறை காய்ந்து கிடந்தது. அடி மட்டும் விழுந்துகொண்டே இருந்தது.

முதலில் வாயைத் திறந்து கேட்டது மதினிதான். ரத்தக்கறை பட்ட தலையணை உறையைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள்.

"இவுககிட்ட கேளு. அருவி காஞ்சு கெடக்கு. இவுகளுக்கு மட்டும் எங்கேருந்து புதுசு புதுசா அடிபடுதாம்?"

"போன வருச அடிக்கு இப்பத்தான் ரசீது வருதுன்னு வச்சுக்கோ" என்றான் அண்ணன், சட்டத்துக்கு ஆணி அடித்துக்கொண்டே.

"சிரிக்காதிய. இந்த ஒறையப் பாருங்க."

"ஆனி வரட்டும். எந்தத் தண்ணி அடிச்சுதோ அந்தத் தண்ணியே எடுத்துரும்."

இதைச் சொன்னது அவன் ஒருவன்தான். ஆனால் அதை அவன் வாயில் வைத்தது எங்கள் ஊர். அடித்த தண்ணீரே ஆற்றும் என்பதை அங்கே யாரும் மறுத்துப் பேசவில்லை. மதினியும் உறையைச் சுருட்டிக்கொண்டு போனாள். ஆனிக்குக் காத்திருந்தோம். பங்குனி, சித்திரை, வைகாசி. ஒரு நோய்க்கு நாங்கள் வலியப்போய்க் கொடுத்த மாதங்கள் அவை.

ஆனியில் சாரல் வந்தது. அண்ணன் போனான். எண்ணெய் தேய்க்கிறவர் வழக்கம்போலக் கட்டைவிரலை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார். எண்ணெயோடு ரத்தமும் வழிந்து காதோரம் இறங்கியது.

"இன்னிக்கு வேண்டாம் அண்ணாச்சி."

"எதுக்குவே?"

"கை வைக்க மனசு வரல."

அப்படியும் அவன் அருவிக்குப் போய் நின்றிருக்கிறான். பக்கத்தில் நின்றவர்கள் அவன் தோளில் சிவப்பாக ஓடுவதைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்கள். போலீஸ்காரர் விசில் ஊதி வெளியே கூப்பிட்டிருக்கிறார். ஈரத்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தான். துண்டு வெள்ளைத் துண்டு. பஸ்ஸில் எல்லாரும் இடம் விட்டு உட்கார்ந்ததாக அவனே சொன்னான். சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறை.

திருநெல்வேலியில் ஒரு தோல் டாக்டர். சின்ன வயசுப் பெண். அவருக்கும் அண்ணன் அதே பதிலைச் சொன்னான். அந்தப் பெண் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"இருக்கட்டும் சார். ஒரு துணுக்கு எடுத்துப் பாத்துருவோம்."

தாளில் ஓட்டை போடுகிற கருவிபோல ஒன்று. மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, கறையின் நடுவிலிருந்தும் ஓரத்திலிருந்தும் சிறு வட்டங்களாக எடுத்தார். தலையில் தோலுக்கு அடியில் சதை அதிகமில்லை, உடனே எலும்புதான் என்று பேசிக்கொண்டே தையல் போட்டார். அந்தச் சிறு இடத்துக்குள் கொழுப்பு, ரத்தக்குழாய், நார் என்று எத்தனை அடுக்கு இருக்கிறதோ அத்தனையிலும் கட்டி வரலாம், வந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லாத கொழுப்புக்கட்டிதான், இது அப்படித் தெரியவில்லை, அதனால்தான் பார்க்கிறோம் என்றார். முதல் ரிப்போர்ட்டில் தீர்மானமாக எதுவும் இல்லை. அந்தத் துணுக்குக்கு இன்னும் சில சாயங்கள் ஏற்றிப் பார்க்கவேண்டும், அதற்கு வெளியூர் அனுப்பவேண்டும் என்றார்கள். எந்தச் சாயம் பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்பதை வைத்துத்தான் அந்த உயிரணுக்கள் எந்தக் குலத்தில் பிறந்தவை என்று சொல்லமுடியுமாம்.

காத்திருந்த நாட்களில் அண்ணன் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ ஒருவருடைய அப்பாவின் படத்தைச் சட்டத்துக்குள் வைத்து, கண்ணாடியை ஊதித் துடைத்து, என்னிடம் நீட்டினான்.

"நல்லாருக்குல்லா? எனக்கும் ஒண்ணு அளவு பாத்து அடிச்சு வச்சிரவா? பொறவு நீங்க எவன்கிட்டயாவது போய் மட்டமான சட்டம் வாங்கிருவியோ."

"வாய மூடு" என்றேன்.

"தேக்குல போடணும் கேட்டியா. பிளாஸ்டிக்ல போட்டுராதிய."

வந்த பெயர் ஆஞ்சியோசார்கோமா. ரத்தக்குழாயின் உட்சுவரில் பூச்சுப்போலப் படிந்திருக்கிற உயிரணுக்கள் தறிகெட்டுப் பெருகுவது. புற்றுநோய்களிலேயே அரிதானது. வயதானவர்களின் தலைத்தோலில் அது வரும்போது இப்படித்தான் வருமாம். அடிபட்டுக் கன்றிய இடம்போல. பார்க்கிற டாக்டர்களே முதலில் அடி என்றுதான் நினைப்பார்கள் என்று அந்தப் பெண் சொன்னார். எங்களை ஆறுதல்படுத்தச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா, இரண்டும் ஒன்றுதானா, எனக்கு இன்னும் விளங்கவில்லை. எங்கள் ஊரில் அதற்கு அடி என்ற பெயர் மட்டும் கிடைக்கவில்லை. பொட்டு என்றும் பெயர் வைத்திருந்தோம்.

சிகிச்சைக்கு மலைக்கு அந்தப்பக்கம் போனோம். எங்கள் பக்கத்து ஆட்கள் இந்த நோய்க்குக் கேரளத்துக்குப் போவது புதிதில்லை. செங்கோட்டை தாண்டி ரயில் மலையேறும். குகைக்குள் நுழைந்து இருட்டி, வெளியே வந்து பச்சையாகி, மறுபடி இருட்டும். கீழே பள்ளத்தாக்கில் பனி கிடக்கும். அண்ணன் தலைக்கட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தான்.

"அருவிக்கு முதுகுப் பக்கம்லா இது" என்றான். "இத்தன வருசம் மூஞ்சிய மட்டும் பாத்துட்டு இருந்துருக்கேன்."

அங்கே பெரிய டாக்டர் ஒருவர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறவர். பொறுமைசாலி. ஸ்கேனில் மண்டையோட்டு எலும்பு அரிபடவில்லை, நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்றார். மதினி சேலைத் தலைப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டாள். பிறகு, கண்ணுக்குத் தெரிகிற கறைக்கு வெளியே, நல்ல தோல் என்று நாங்கள் நினைத்த இடத்திலெல்லாம், கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல வட்டமாகத் துணுக்குகள் எடுத்தார்கள். பாதிப் புள்ளிகளில் அது இருந்தது. தெரிந்த கறை சின்னது. தெரியாமல் தோலுக்கடியில் ஓடிய கறை காதுக்கருகில் வந்திருந்தது. முதலில் வாராவாரம் ஊசிமருந்து ஏற்றிச் சுருக்குவோம், சுருங்கினால் வெட்டுவோம், பிறகு கதிர்வீச்சு கொடுப்போம் என்றார்.

சுருங்கியது. அந்தக் கொஞ்ச காலம் நாங்கள் மகிழ்ச்சியாக இருந்தோம் என்பதை ஒளிக்கமாட்டேன். புருவம் உதிர்ந்தது, நகம் கறுத்தது, விரல்நுனி மரத்துப்போய்ச் சட்டத்தின் ஆணியைப் பிடிக்கமுடியாமல் தடுமாறினான். ஆனால் கறை வெளுத்தது. உண்மையாகவே வெளுத்தது. வெட்டி எடுத்தார்கள். எலும்பின் மேற்பரப்பையும் சுரண்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் சீவி அங்கே ஒட்டினார்கள். கட்டுப் பிரித்த அன்று மதினி அழுதாள். அவன் அவளைத் தேற்றினான்.

"தொடத்தோலு தலைக்கு ஏறிட்டு. இனிமே நீ என் தலைமேல ஏறி உக்காந்தாலும் மடியில உக்காந்த கணக்குதான்."

பக்கத்துப் படுக்கைக்காரர் மலையாளி. அவருக்கு அதை விளக்கிச் சொல்ல ஒரு நர்ஸ் வேண்டியிருந்தது. விளக்கி முடித்ததும் அந்த வார்டே சிரித்தது.

கதிர்வைக்கும்போது அசையாமலிருக்க முகத்துக்கு வலைபோல ஒரு மூடி வார்த்து, அதைக் கட்டிலோடு சேர்த்துப் பூட்டுவார்கள். வெளியே வரும்போது கன்னமெல்லாம் கட்டம் கட்டமாகத் தடம் பதிந்திருக்கும். அப்போதுகூட அவனுக்கு ஒரே கேள்விதான். ஒவ்வொரு முறையும், எல்லாம் பேசி முடித்து, எழுந்து, கதவுவரை போய், பிடியில் கைவைத்துக்கொண்டு திரும்புவான்.

"டாக்டர், அருவியில குளிக்கலாமா?"

"அய்யோ, வேண்டா. ஆ தோல் எலும்புமேல தாள் போலத்தான் இருக்கு. வெள்ளம் வேகமா விழுந்தா கிழிஞ்சு போவும். ஆகாது, கேட்டோ?"

"சரி டாக்டர்."

அடுத்தமுறையும் அதே கதவு, அதே கேள்வி, அதே "ஆகாது". அந்த ஆகாது அவனுக்குப் பிடித்திருந்ததோ என்று எனக்குத் தோன்றும். வெளியே வந்ததும் முகம் தெளிந்திருக்கும். மதினிதான் சடைத்துக்கொள்வாள்.

"உசுரு பொழைக்கட்டும்னு நா கோயில் கோயிலா ஏறி எறங்குதேன். இவுகளுக்கு அருவிக்குத்தான் மனசு கெடந்து அடிக்கி."

அடுத்த வருஷ சீசனிலும் அவன் குற்றாலத்துக்குப் போகாமலிருக்கவில்லை. குளிக்கத்தான் கூடாது, பார்க்கக் கூடாதென்று டாக்டர் சொல்லவில்லையே. குடையைப் பிடித்துக்கொண்டு, தொப்பியும் போட்டுக்கொண்டு, சாரல் படாத தூரத்தில் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சுவரில் உட்கார்ந்திருப்பான். ஒருநாள் நானும் உடன் போயிருந்தேன். எண்ணெய் தேய்க்கிறவர் எங்களைப் பார்த்து வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். கையில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்."

"நா தேச்சுத்தான் பரவிச்சோ?"

அவர் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதத்தான் நானும் டாக்டர்ட்ட மொத நாளே கேட்டேன்" என்றான் அண்ணன். "தேய்க்கதுக்கும் இதுக்கும் ஒரு ஒட்டும் இல்லன்னு அடிச்சுச் சொல்லிட்டாரு. சும்மா நீரு மனசப் போட்டுக் கொழப்பாதியும். அங்கன ஒரு ஆளு எண்ணெய் வடிய ஒக்காந்துருக்கான், போயி வேலையப் பாரும்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். போகும்போது நடை கொஞ்சம் மாறியிருந்தது.

அண்ணன் அப்படி ஒரு கேள்வியை எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. எல்லா முறையும் நான் அந்த அறையில் இருந்திருக்கிறேன். பிறகு ஒருநாள் மருந்துச் சீட்டு வாங்கப் போகிற சாக்கில் நான் அந்தப் பெரிய டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். தேய்த்ததால் வந்ததில்லை, அருவியால் வந்ததில்லை, யாரும் கொண்டுவந்ததில்லை என்றார் டாக்டர். தேய்த்ததால் பரவியது என்று சொல்லவும் தன்னிடம் ஆதாரம் இல்லை என்றார்.

"அப்போ, மொதல்லயே வந்துருந்தா?"

"சின்னதா இருக்கும்போ வந்தா எப்பவும் நல்லது" என்றார். அதற்குமேல் அந்த வாக்கியத்தை அவர் கொண்டுபோகவில்லை. மேசைமேல் இருந்த பேனாவை மூடித் திறந்து மூடினார்.

அந்த வாக்கியத்தோடு நான் பல ஊருக்குப் போய்வந்திருக்கிறேன். என்னால் ஓரிடத்தில் இருக்கமுடியாது, அது என் பிறவிக்கோளாறு. இலத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே மனம் பஸ் ஏறிவிடும். புளியங்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, எலுமிச்சை மண்டியில் ஒருவர் பழங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் உருட்டிப் பார்த்து, கறை இருந்தால் நொடியில் தனியே எறிந்துவிடுவார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, பந்தி முடிந்துபோயிருந்தது. ஒரு பழத்துக்குக் கிடைக்கிற பார்வை என் அண்ணன் தலைக்குக் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் எத்தனை பேர் பார்த்தார்கள். பார்த்தவர் அத்தனை பேரும் அவன்மேல் பிரியமானவர்கள். பிரியத்தில் ஒரு கதை சொன்னோம். கதை நன்றாக இருந்தது. அருவிக்குப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அந்தக் கதை கையெட்டும் தூரத்தில் இருந்தது, எடுத்துப் போட்டுக்கொண்டோம். இந்த மலை இல்லாத ஏதாவது ஓர் ஊரில், கரிசல் காட்டில், அவன் பிறந்திருந்தால் ஒரு காரணமும் அகப்படாமல் பயந்துபோய் முதல் மாதமே டாக்டரிடம் ஓடியிருப்பான். இப்படி நினைக்கிறபோது எனக்கு அருவிமேல் கோபம் வரும். பிறகு அந்தக் கோபம் பாறையில் பட்டுத் தெறித்து என்மேலேயே விழும்.

பங்குனியில் அவனுக்கு இருமல் வந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கடைத்தூசி என்றான். இந்தமுறை யாரும் எந்தக் கதையும் சொல்லவில்லை, மறுநாளே ரயிலேறினோம். தலையில் ஒட்டிய தோல் நன்றாகப் பிடித்திருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் ஆறாமல் சிறு புண். தலையில் ஒன்றுமில்லை. நுரையீரலில் இருந்தது.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். வேறு ஊசிமருந்து ஒன்று இருக்கிறது, கொடுத்துப் பார்க்கலாம், உடம்பு தாங்குகிறவரை என்றார். குரலில் அவசரம் இல்லை. எப்போதும் அவர் குரலில் ஓர் அவசரம் இருக்கும். இந்தத் தேதிக்கு வந்துவிட வேண்டும், அதைத் தவறவிடக்கூடாது என்று. அன்றைக்கு அது காணாமல்போயிருந்தது. எழுந்தோம். அண்ணன் கதவுவரை போய், பழக்கத்தில், பிடியில் கைவைத்துக்கொண்டு திரும்பினான்.

"டாக்டர், அருவியில குளிக்கலாமா?"

டாக்டர் அவனைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"குளிச்சோளூ" என்றார். பிறகு தமிழில், "போய்க் குளிங்க. இஷ்டம்போல குளிங்க. ஒண்ணும் ஆவாது."

மதினியின் முகம் மலர்ந்துவிட்டது. வராந்தாவில் என் கையைப் பிடித்து, "கேட்டியாட்டி, குளிக்கலாம்னுட்டாரு. அப்போ தோலு நல்லா ஒட்டிட்டுன்னுதான அர்த்தம்" என்றாள். நான் ஆமாம் என்றேன். அண்ணன் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். படியில் கைப்பிடியை இறுகப் பிடித்து இறங்கினான், அருவிக்கம்பியைப் பிடிக்கிறமாதிரி. ரயிலில் ஜன்னலோர இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு உள்ளே தள்ளி உட்கார்ந்தான். குகைகள் வந்தன, போயின. மலையை அவன் பார்க்கவில்லை.

ஆனியில் சாரல் அடித்தது. தென்காசிக் கோயிலின் கோபுரவாசலில் காற்று ஆளைத் தள்ளியது. தண்ணீர் நல்லாப் போகுதாம் என்று மதினிதான் துண்டும் மாற்றுவேட்டியும் எடுத்து வைத்துக் கிளப்பினாள். அண்ணன் மெலிந்திருந்தான். ஆட்டோவில் போய் இறங்கி, பழைய சுவரில் உட்கார்ந்தோம். பேரருவி அன்று அவ்வளவு அழகாக விழுந்தது. வளைவைத் தொடவில்லை, வஞ்சகமில்லாமல் விரிந்து விழுந்தது. அவனுடைய இடத்தில் அந்தப் புரி தனியாக இறங்கிக்கொண்டிருந்தது. அதன்கீழ் யாரும் நிற்கவில்லை.

எண்ணெய் தேய்க்கிறவர் ஓடிவந்தார்.

"வாங்க அண்ணாச்சி. இன்னிக்குத் தண்ணி ஒங்களுக்குன்னே விழுது. ஒரு நிமிசம் நில்லுங்க, போதும். நா கையப் பிடிச்சுக்கிடுதேன்."

அண்ணன் குடையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தான்.

"ஆசையாத்தாம்வே இருக்கு. டாக்டர் கூடாதுன்னுட்டாரு."

மதினி வாயைத் திறந்தாள். துண்டு அவள் மடியில் இருந்தது. அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மருத்துவமனை வராந்தாவில் எனக்குச் சொல்ல வராதது, அந்தச் சுவரில் உட்கார்ந்து அவளுக்குத் தானாக விளங்கியது. விளங்குவதை நான் பார்த்தேன். திறந்த வாய் மெதுவாக மூடியது. மடியிலிருந்த துண்டை எடுத்து நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள்.

"ஆமா" என்றாள் அவரிடம். "தோலு இன்னும் நல்லாப் பிடிக்கணுமாம். இப்பம் கூடாதாம்."

"அடுத்த சீசன் பாப்போம்" என்றான் அண்ணன்.

"அதுவும் சரிதான் அண்ணாச்சி. டாக்டர் பேச்ச மீறக்கூடாது. அடுத்த சீசன் நானே கூட்டிட்டுப் போறேன்."

அவர் தன் வேலைக்குத் திரும்பினார். பிறகு அண்ணன் எங்களைப் பார்த்துச் சொன்னான்.

"நீங்க ரெண்டு பேரும் இங்கன என்னத்துக்கு ஒக்காந்துருக்கிய? போயி நின்னுட்டு வாங்க. எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

போனோம். பெண்கள் பக்கம் கூட்டமாக இருந்தது. மதினி கம்பியைப் பிடித்துக்கொண்டு உச்சியைக் கொடுத்து நின்றாள், அவன் நிற்பதுபோலவே. முகத்தில் ஓடியதெல்லாம் தண்ணீர்தானா என்று அங்கே யாரும் பிரித்துப் பார்க்கமுடியாது. நான் பக்கத்தில் நின்றேன். தண்ணீர் மண்டையில் இறங்கியது, நிறுத்தாமல் இறங்கியது. உள்ளேயிருந்து பார்த்தால் வெளியே எல்லாம் கலங்கித் தெரிந்தது. தூரத்துச் சுவரில் ஒரு கருங்குடை மட்டும், அசையாமல், எங்களுக்காகக் காத்திருந்தது.